காமாலைக்கு மருந்து குடித்தாச்சு, எதனால் வந்தது என்று பார்த்தீர்களா?

கண் மஞ்சளாகத் தெரிந்தால் எங்கள் கடலூர்ப் பக்கத்தில் யாரும் முதலில் ரத்தம் கொடுத்துப் பார்ப்பதில்லை. "அந்த ஊர்ல ஒருத்தர் மருந்து தர்றார், விடிகாலையில வெறும் வயித்துல குடிக்கணும், மூணு நாள் போதும்" என்று யாராவது வழி சொல்லிவிடுவார்கள், கிளம்பிவிடுவோம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். சில இடங்களில் கையில் சுண்ணாம்பு நீரை ஊற்றித் தேய்த்து, தண்ணீர் மஞ்சளாக வழிவதைக் காட்டி, காமாலை இறங்கிவிட்டது என்பார்கள். மாமரப் பட்டைச் சாறு பட்ட கையில் சுண்ணாம்பு நீரை ஊற்றினால் காமாலை இல்லாதவருக்கும் மஞ்சளாகத்தான் வழியும், அது வேறு விஷயம்.

சிக்கல் என்னவென்றால், இதில் நிறைய பேருக்கு உண்மையாகவே சரியாகிவிடுகிறது. கெட்ட தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ என்ற கல்லீரல் கிருமி நோய்கள் இரண்டும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே போய்விடும், பேரை மட்டும் மருந்து வாங்கிக்கொள்ளும். (கர்ப்பிணிக்கு ஈ வந்தால் உயிருக்கே ஆபத்து, அங்கே மூன்று நாளெல்லாம் காத்திருக்கவே கூடாது.) கீழாநெல்லியையும் சும்மா பேச்சுக்கு ஒதுக்கிவிட முடியாது. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கும் சென்னை ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து அதே இனச் செடியை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, நம்பிக்கை தரும் முடிவை 1988-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பிறகு மற்றவர்கள் செய்து பார்த்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஆக, மருந்து குடித்ததைவிட, குடித்துவிட்டுக் காரணத்தைத் தேடாமல் விட்டதுதான் பெரிய தவறு. 60 வயதுக்காரர் ஒருவருக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துப் போகிறது, சிறுநீர் கடுங்காபி நிறத்தில் இறங்குகிறது என்றால் பித்தக்குழாய் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். கல்லாக இருக்கலாம், பித்தக்குழாயிலோ கணையத்தின் தலைப்பகுதியிலோ புற்றுநோயாகவும் இருக்கலாம். குழாய் வீங்கியிருக்கிறதா என்று ஒரு சாதாரண வயிற்று ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டு மாதம் உப்பில்லாப் பத்தியம் இருந்துவிட்டுப் போனால், ஆபரேஷன் செய்யக்கூடிய காலம் அதற்குள் கடந்துபோயிருக்கலாம்.

அடுத்தது, கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு "எல்எஃப்டி நார்மல்" என்கிற நிம்மதி. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் கல்லீரல் செல் உடையும்போது ரத்தத்தில் கசியும் சமாச்சாரம். தழும்பேறிச் சுருங்கிப்போன கல்லீரலில், அதாவது சிரோசிஸ் வந்த பிறகு, அவை ஏறக்குறைய நார்மலாகவே இருக்கலாம். உங்களிடம் பழைய ரிப்போர்ட் இருந்தால் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள், பேர் ஃபிப்-4. வயதையும் எஸ்ஜிஓடியையும் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில் எடுத்து எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதால் முதல் எண்ணை வகுங்கள். வயது 55, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 36, பிளேட்லெட் 1.10 லட்சம் என்று வையுங்கள். 2,640-ஐ 660-ஆல் வகுத்தால் 4. 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேலே போனால் கல்லீரல் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். மேலே சொன்ன ஆளின் ரிப்போர்ட்டைப் பார்த்து "கொஞ்சம்தான் ஜாஸ்தி" என்று பலர் மடித்து வைத்துவிடுவார்கள். பிளேட்லெட் குறைந்திருப்பதை டெங்குவோடு மட்டும்தான் நாம் சேர்த்துப் பார்க்கிறோம்.

ஸ்கேனில் "ஃபேட்டி லிவர் கிரேடு 1", அதாவது கல்லீரலில் கொழுப்பு, என்று வந்தால் "அது எல்லாருக்கும் இருக்கு" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். நிறைய பேருக்கு இருப்பது நிஜம்தான். ஆனால் சர்க்கரையும் தொப்பையும் சேர்ந்து இருப்பவருக்கு உள்ளே தழும்பு எவ்வளவு என்பதை கிரேடு சொல்லாது. அதற்குத்தான் அந்த ஃபிப்-4 கணக்கும், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும். லிவர் டானிக்கில் இது போகாது, எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் நன்றாகவே இறங்கும்.

குடியைப் பற்றிப் பேசாமல் எங்கள் ஊரில் கல்லீரலைப் பற்றி எழுத முடியாது. ரெட்டிச்சாவடி தாண்டினால் முள்ளோடை, கன்னியக்கோவில் என்று புதுச்சேரிச் சாராயக் கடைகள், விலையும் கம்மி. "நான் பீர் மட்டும்தான்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லியில் 52 மில்லி சுத்த ஆல்கஹால், 180 மில்லி பிராந்தியில் சுமார் 77 மில்லி. இரண்டு பாட்டில் பீர் ஒரு குவாட்டரைத் தாண்டிவிடுகிறது, கல்லீரலுக்குப் பாட்டிலின் லேபிள் தெரியாது. குடிக்காதவருக்குக் கல்லீரல் நோய் வராது என்பதும் இதே அளவுக்குத் தப்பு. அது நோயாளியை வீட்டிலேயே குற்றவாளி ஆக்கிவிடுகிறது, பெண்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஹெபடைடிஸ் பி இருப்பது பலருக்கு ரத்ததானத்திலோ பிரசவ டெஸ்டிலோதான் தெரிய வரும். "கிருமி தூங்குது, ஒண்ணும் செய்யாது" என்று கேட்டுவிட்டு அதோடு மறந்துவிடுவார்கள். இந்தக் கிருமிக்கு சிரோசிஸ் வராமலே நேராகப் புற்றுநோயை உண்டாக்கும் வல்லமை உண்டு, அதனால் மருந்து தேவையில்லை என்று டாக்டர் சொன்னாலும் செக்கப் தேவை. பி கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று தாமாக நிறுத்தினால் நோய் திடீரென்று சீறி எழும். வீட்டில் அம்மா, கூடப் பிறந்தவர்கள், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறை டெஸ்ட் எடுத்து, இல்லாதவர்கள் 3 ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தை பிறந்தால் முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள். தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் வேண்டாம், ஷேவிங் பிளேடும் டூத்பிரஷும்தான் தனி. சி வகைக்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் 100-ல் 95 பேருக்கு மேல் குணமாகிறது. இரண்டுக்கும் 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இதோடு ஒன்று. பண்ருட்டிப் பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலை) இல்லாத வீடு உண்டா? பூஞ்சை பிடித்த கொட்டையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும், வறுத்தாலும் முழுசாகப் போகாது. பி கிருமி உள்ளவருக்கு அது புற்றுநோய் அபாயத்தைப் பல மடங்கு ஏற்றும். கசந்ததைத் துப்பிவிடுங்கள், செக்குக்கும் அனுப்பாதீர்கள்.

சரி, ஸ்கேனில் கல்லீரலில் கட்டி என்று வந்துவிட்டது. இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. காய்ச்சலும் வலப்பக்க வலியுமாக வருவது சீழ்க்கட்டியாக இருக்கலாம், மருந்திலும் ஊசி வைத்துச் சீழ் எடுப்பதிலும் குணமாகும். ஹெமான்ஜியோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டி பெரும்பாலும் சும்மா கிடக்கும். குடலிலோ மார்பகத்திலோ தொடங்கி இங்கே வந்து உட்கார்ந்த புற்றுநோய் என்றால் சிகிச்சையே வேறு. எது என்று தெரிய மூன்று கட்ட சிடியோ எம்ஆர்ஐயோ தேவை. மருந்து ஏற்றியதும் கட்டி பளிச்சென்று தெரிந்து, பிறகு சுற்றியுள்ள பகுதியைவிட மங்கினால், சிரோசிஸ் உள்ளவருக்குப் பல நேரம் அதுவே போதும், ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி இல்லாமலே கல்லீரல் புற்றுநோய் என்று முடிவு செய்வார்கள். அவசரப்பட்டு ஊசி குத்தினால் ரத்தக்கசிவும், ஊசித் தடத்தில் செல்கள் பரவும் சிறு வாய்ப்பும் உண்டு. கல்லீரல் புற்றுநோய்க்கு ரத்தத்தில் பார்க்கும் ஏஎஃப்பி நார்மல் என்று ஆறுதல் அடையவும் வேண்டாம், சிறிய கட்டிகளில் அது பல நேரம் ஏறாது. சிரோசிஸ் இருப்பவர் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதனால்தான், வலி வரட்டும் என்று காத்திருந்தால் கட்டி சின்னதாக இருக்கும் காலம் போய்விடும்.

சிரோசிஸ் நோயாளி இருக்கும் வீட்டில் நடக்கும் தவறுகள் தனி ரகம். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும் என்று பயந்து மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பதும் ரத்தக்கசிவைக் கிளப்புவதும் அந்த இரண்டாவதுதான். பாராசிட்டமாலை டாக்டர் சொன்ன குறைந்த அளவில், பொதுவாக நாளுக்கு 2 கிராமுக்குள், எடுக்கலாம். முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியில் போட்டுவிடுவார்கள், ஆள் தசை கரைந்து எலும்பாகிவிடுவார். புரதம் வேண்டும், இரவு படுக்கும் முன் ஏதாவது சாப்பிடவும் வேண்டும். குறைக்க வேண்டியது உப்பு, குறிப்பாக வயிற்றில் நீர் கோத்தவர் கருவாடு, ஊறுகாய், அப்பளத்தை மறந்துவிட வேண்டும் (கடலூர்க்காரரிடம் கருவாட்டை நிறுத்தச் சொல்வது லேசில்லை, தெரியும்). பகலெல்லாம் தூங்கி ராத்திரி முழிக்கிறார், பேச்சு குழறுகிறது என்றால் கல்லீரல் கோளாறு மூளையைத் தொடுகிறது, தூக்க மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். கறுப்பாகத் தார் போல மலம் போனாலோ ரத்த வாந்தி எடுத்தாலோ 108-தான்.

"லிவர் கேன்சரா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பாத்துக்கோங்க" என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். ஒரே கட்டி 5 செ.மீ.க்குள், அல்லது மூன்று கட்டி வரை ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் என்றால் மாற்றுக் கல்லீரலுக்கே யோசிக்கலாம், அது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இருக்கிறது, சென்னை ஸ்டான்லியில் அரசு மையமும் உண்டு. சின்னக் கட்டியைச் சூடு வைத்துக் கருக்குவது, ரத்தக்குழாய் வழியாக மருந்தை அனுப்பி அடைப்பது என்று இடைப்பட்ட வழிகளும் இருக்கின்றன. முற்றிய நிலைக்கு வரும் சோராஃபெனிப் மாத்திரை ஒரு மாதத்துக்கு 2.8 லட்சம் ரூபாய்க்கு விற்றது, 2012-ல் இந்திய அரசு, காப்புரிமை வைத்திருந்த கம்பெனியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனி தயாரிக்கக் கட்டாய உரிமம் கொடுத்து 8,880 ரூபாய்க்கு இறக்கியது. இப்போது அதைவிட நன்றாக வேலை செய்யும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன, விலைதான் கூடுதல்.

புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தால் காலையிலேயே கிளம்புங்கள். பழைய ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாமல் தேதிவாரியாக அடுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். சிடி ஸ்கேன் எடுத்த இடத்தில் தாளோடு படம் பதிந்த வட்டையும் கேட்டு வாங்குங்கள், கட்டியை வெட்டலாமா என்று முடிவு செய்யும் டாக்டர் படத்தைத்தான் கேட்பார்.