இடையீட்டு மாறியும் மட்டுப்படுத்தும் மாறியும்: ஆய்வேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கமக்காரருக்கு வழங்கப்படும் பயிற்சி நெல் விளைச்சலைக் கூட்டுகிறதா என்று கிளிநொச்சியில் ஒருவர் ஆராய்வதாகக் கொள்வோம். பயிற்சி பெற்றவர் பசளையை உரிய காலத்தில் இடத் தொடங்கி, அதனால் விளைச்சல் கூடுமானால், பசளையிடல் இடையீட்டு மாறி, அதாவது விளைவை இடையில் நின்று கடத்தும் மாறி ஆகும். வயல் இரணைமடுக் குளத்து வாய்க்கால் நீரைப் பெறுகிறதா, மானாவாரியா என்பது வேறு வகை. பயிற்சி எவரது வயலையும் வாய்க்காலருகே நகர்த்திவிடாது. ஆனால் நீருள்ள வயலில் அதே பயிற்சி கூடுதல் பலன் தரலாம். ஆகவே நீர்வசதி மட்டுப்படுத்தும் மாறி, அதாவது விளைவின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் மாறி. இவ்விரண்டையும் மாற்றிப் பெயரிட்டாலும் மென்பொருள் தடுக்காது. கேட்ட மாதிரியுருவை (model) கணித்துத் தந்துவிடும்.

அடிக்கடி காணப்படும் தவறு, தரவை இரண்டாகப் பிரித்து, "வாய்க்கால் வயல்களில் பயிற்சியின் விளைவு பொருண்மையானது, மானாவாரியில் அப்படியில்லை, ஆகவே நீர்வசதி மட்டுப்படுத்துகிறது" என்று எழுதுவதாகும். பொருண்மையானது (significant) என்றால், தற்செயலால் மட்டும் வந்ததென்று எளிதில் தள்ளிவிட முடியாதது. மானாவாரிக் கமக்காரர் மாதிரியில் குறைவாக இருந்தாலே இத்தகைய முடிவு கிடைத்துவிடும். சோதிக்க வேண்டியது இரு விளைவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டையே. அதற்குப் பயிற்சி, நீர்வசதி ஆகியவற்றுடன் அவற்றின் பெருக்கத்தையும் ஒரே பிற்செலவுச் (regression) சமன்பாட்டில் சேர்க்க வேண்டும். சேர்த்த பின்னர், மானாவாரிக்கு 0 என்று குறியிட்டிருந்தால், பயிற்சியின் குணகம் மானாவாரி வயல்களுக்கான விளைவை மட்டுமே சொல்லும். அதைப் பொதுவான விளைவாக விளக்குவது இன்னொரு வழுக்கல்.

இடையீட்டைச் சோதிக்க 1986இல் உளவியலாளர்களான பாரனும் கென்னியும் வகுத்த படிமுறையை மாறாத சட்டமாகக் கொள்வதும் சரியன்று. மொத்த விளைவு பொருண்மையாக இருக்க வேண்டும் என்பது அதன் முதற்படி. பயிற்சிக்கும் விளைச்சலுக்கும் இடையிலான மொத்த விளைவு பொருண்மையற்றது என்பதற்காக ஆய்வை அங்கேயே நிறுத்தத் தேவையில்லை, ஏனெனில் எதிரெதிர்த் திசையில் செல்லும் இரு வழிகள் ஒன்றையொன்று ஈடுசெய்திருக்கலாம். பசளையிடல் வழியே செல்லும் மறைமுக விளைவு, பயிற்சியிலிருந்து பசளையிடலுக்கும் அதிலிருந்து விளைச்சலுக்கும் உரிய இரு குணகங்களின் பெருக்கம்; அதன் பரம்பல் சமச்சீராக அமையாதிருக்கலாம் என்பதால், பூட்ஸ்ட்ராப் முறையில் (மாதிரியிலிருந்தே மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்து) பெறும் நம்பிக்கை ஆயிடையைக் (confidence interval) கொண்டு அதை மதிப்பிடுவதே இன்றைய வழக்கம்.

இவற்றைவிடப் பாரதூரமானது, ஒரே நாளில் நிரப்பிய வினாக்கொத்திலிருந்து இடையீட்டை நிறுவ முயல்வது. நல்ல விளைச்சல் கண்டவரிடம் அடுத்த போகத்தில் பசளைக்குக் காசிருக்கும்; அங்கே காரணம் எது, விளைவு எது? காலபோகத்துக்கு முன்னர் பயிற்சியையும், பயிர் வளரும்போது பசளையிடலையும், அறுவடைக்குப் பின்னர் விளைச்சலையும் பதிவதே முறை. பயிற்சியைக் குலுக்கல் முறையில் வழங்கினாலும் பசளையிடல் குலுக்கலால் அமைவதில்லை. வசதியுள்ளவர் பசளையோடு களைநாசினியும் வாங்குவார், விளைச்சல் கூடியது எதனால் என்று பிரித்தறிய முடியாது என்பதால், வருமானம் போன்ற பொதுக் காரணிகளை முன்கூட்டியே அளந்து சமன்பாட்டில் சேர்க்க வேண்டும்.