லீவர்ட்: ‘மறைவு’ என்று படித்தால் குழப்பமில்லை

ஆங்கிலத்தில் ‘லீவர்ட்’ என்று வந்தால் மனதுக்குள் ‘காற்று மறைவுப் பக்கம்’ என்று மாற்றிப் படியுங்கள். ‘வின்ட்வர்ட்’ என்றால் காற்று வந்து மோதும் பக்கம். திசையை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

‘லீ’ என்ற சொல்லே பழைய ஆங்கிலத்தில் ‘ஒதுங்கும் இடம்’ என்ற பொருளில் இருந்து வந்தது. அது கிழக்கு, மேற்கு போல நிலையான திசை அல்ல. காற்று மாறினால் பக்கமும் மாறிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கம் வின்ட்வர்ட், நம் பக்கம் லீவர்ட். ‘மழை மறைவுப் பிரதேசம்’ என்று பள்ளியில் படித்தோமே, அந்த மறைவுதான் இது. வடகிழக்குப் பருவக்காற்று வந்ததும் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு நிரந்தரமாகப் பெயர் ஒட்டிவைத்துப் படிப்பதால்தான் பலரும் தேர்வில் தடுமாறுகிறார்கள்.

இந்த வழி கைகொடுக்காத இடம் ‘லீ ஷோர்’. பாதுகாப்பான கரை என்று நினைத்துவிடாதீர்கள், அர்த்தமே தலைகீழாகிவிடும். அது கப்பலுக்குக் காற்று போகும் பக்கத்தில் இருக்கும் கரை. காற்று கப்பலை அதன்மேல் கொண்டுபோய் மோதவிடும் என்பதால் பாய்மர மாலுமிகள் மிகவும் அஞ்சியது அதைத்தான். கரீபியனில் உள்ள லீவர்ட் தீவுகளுக்கும் ‘மறைவு’ பொருந்தாது. அங்கேயும் காற்று நன்றாகவே வீசும்.

அப்புறம், உச்சரிப்பு: மாலுமிகள் வாயில் இது ‘லூவர்ட்’ என்று ஒலிக்கும். காதில் விழுந்தால் வேறு சொல் என்று நினைக்க வேண்டாம்.