அடிதடி வழக்கில் தற்காப்பு வாதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு நடுவர் நீதிமன்றத்தில் என் வழக்குக்காகக் காத்திருந்தேன். வரப்புத் தகராறு வழக்கொன்றில் எதிரிக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, இளம் வழக்கறிஞர் ஒருவர் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். முதல் சாட்சியிடம், "எதிரி அன்றைக்கு ஊரிலேயே இல்லை" என்றார். இரண்டாம் சாட்சியிடம், "நீங்கள் அரிவாளை ஓங்கியதால்தான் எதிரி தடியால் தடுத்தார்" என்றார். சாட்சிகள் மறுக்க, இரண்டுமே "என்றால் சரியல்ல" என்று பதிவாயின. எனக்கு மனசு கனத்துவிட்டது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே தவறு.

இல்லை என்பதும் தற்காப்பு என்பதும்

என்னுடைய அந்தப் பழைய வழக்கில், சம்பவத்தன்று என் கட்சிக்காரருக்குத் தலையில் நான்கு தையல். அன்றிரவே அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் ஏறியிருந்தது. நானோ எல்லாச் சாட்சிகளிடமும் சம்பவமே நடக்கவில்லை என்று கேட்டேன். சம்பவமே இல்லை என்றபின் அந்தப் பதிவேட்டை எப்படிக் காட்டுவது? மருத்துவரிடமும் அந்தக் காயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313-ஆவது பிரிவில், அரசு தரப்புச் சாட்சியம் முடிந்தபின் நீதிபதி எதிரியிடம் கேட்கும் கேள்விகளுக்கு என் கட்சிக்காரர் "பொய் வழக்கு" என்று மட்டும் சொன்னார். கடைசி வாதத்தில் தற்காப்பு என்று எழுந்தேன். "சாட்சியத்தில் எங்கே இருக்கிறது?" என்றார் நீதிபதி. தண்டனை ஆனது. அந்த மனிதரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

எதிரி தற்காப்பைக் கோராவிட்டாலும், சாட்சியத்தில் அது தெரிந்தால் நீதிமன்றம் கவனிக்கலாம் என்று 1967-இல் முன்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜூனியர்கள் இதை நம்பியே அசட்டையாக இருக்கிறார்கள். சாட்சியத்தில் தெரிந்தால் என்பதை விட்டுவிடுகிறார்கள். எதிரியின் பலத்த காயத்துக்கு அரசு தரப்பு விளக்கம் தராவிட்டால், சம்பவத்தின் தொடக்கத்தையே அவர்கள் மறைக்கிறார்கள் என்று கருத இடமுண்டு. 1976-இல் லட்சுமி சிங் வழக்கில் வந்த தீர்ப்பு இது. கையில் இருந்த அந்த ஆயுதத்தை நானே கீழே போட்டேன்.

அதனால் முதல் சாட்சி கூண்டில் ஏறுமுன்பே முடிவெடுங்கள். எல்லாச் சாட்சிகளிடமும் ஒரே கதையைக் கேளுங்கள். பதிவேட்டு நகலைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யுங்கள். பழைய 313 இப்போது புதிய நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 351. அந்தக் கட்டத்தில் எழுத்து மூலமான வாக்குமூலமும் தாக்கல் செய்யலாம்.

நிரூபிக்கும் பாரத்துக்குப் பயப்படுவது

பழைய சாட்சியச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு, இன்றைய சாட்சியச் சட்டத்தின் 108, பாரத்தை எதிரி மீது வைக்கிறது, உண்மைதான். ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படித்தான் நடந்திருக்கக்கூடும் என்று காட்டினால் போதும்.

முதல் அடியோடு நின்றுவிடுவது

யார் முதலில் அடித்தார் என்பதோடு விஷயம் முடிவதில்லை. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவின் 37-ஆவது பிரிவுப்படி தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. அரிவாளைப் போட்டுவிட்டு ஓடுகிறவரின் முதுகில் விழுந்த அடியைத் தற்காப்பு என்று சொல்ல முடியாது.

எதிர்ப் புகாரைத் தள்ளிப்போடுவது

அன்றைக்கே கொடுங்கள்.

அந்த இளைஞரை வராந்தாவில் பிடித்துப் பேசினேன். முதல் சாட்சியை மறுபடி அழைக்க நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 348-இல் மனுப் போடச் சொல்லியிருக்கிறேன். நல்லவேளை, மருத்துவர் இன்னும் சாட்சி சொல்லவில்லை.