மலைமண்ணில் மெட்டல் டிடெக்டர்: வாங்கும்போதும் கைமாற்றும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் பேருக்குள்ளேயே மெஷின்கள் ஓயாமல் கைமாறுகின்றன. வாங்குவார்கள், சில மாதம் சுற்றுவார்கள், ஒன்றும் அகப்படவில்லை என்று அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு மேலே பணம் போட்டு அடுத்ததை வாங்குவார்கள், அதற்கும் அதே கதிதான். பிடித்ததை வாங்குவதும் விற்பதும் அவரவர் இஷ்டம். ஆனால் இந்த மாற்றல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மெஷின் இல்லை, நம்ம ஊர் மண். அது தெரியாமல் நல்ல மெஷினைத் தள்ளிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

மண்ணிலிருந்தே ஆரம்பிப்போம். ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காய்ந்த செம்மண்ணில் நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். பையின் மேல் கறுப்பாக மீசை மாதிரி சிலிர்த்துக்கொண்டு தூள் ஒட்டும். அது காந்தத்தன்மை உள்ள இரும்பு ஆக்சைடு. டிடெக்டரின் தண்டு நுனியில் இருக்கும் தட்டுக்குக் காயில் (coil) என்று பெயர்; அது கீழே அனுப்பும் காந்தப்புலத்துக்கு உலோகம் மட்டும் பதில் சொல்வதில்லை, இந்தத் தூளும் சேர்ந்தே சொல்கிறது. அந்தச் சத்தத்தைக் கழித்துக் காட்டத்தான் கிரவுண்ட் பேலன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. காரெட் கம்பெனியின் ஏஸ் 250 மாதிரி ஆரம்ப மெஷின்களில் அது கம்பெனி வைத்த அளவிலேயே நிற்கும், நாம் தொட முடியாது. அதே காரெட்டின் ஏடி புரோவில் தானாகவும் வைக்கலாம், கையாலும் வைக்கலாம். மலையில் இருப்பவர் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், எத்தனை அடி ஆழம் என்பது இல்லை.

இன்னொரு பழக்கம், சென்சிடிவிட்டியை, அதாவது எவ்வளவு சின்ன சிக்னலையும் பிடிக்க வேண்டும் என்ற அளவை, முழுசாக ஏற்றிவிட்டு மெஷின் கத்துகிறது என்று குறை சொல்வது. செம்மண்ணில் இரண்டு மூன்று படி இறக்கிப் பாருங்கள். சத்தம் அடங்கும், அதுவரை அந்தச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த சின்னச் சின்ன சிக்னல் எல்லாம் காதில் விழும். ஒரு நொடிக்கு ஒரு தரம் டக் டக் என்று சீராக அடித்தால் அது புதையலும் இல்லை, மெஷின் கோளாறும் இல்லை. பக்கத்தில் யானைக்கோ காட்டெருமைக்கோ போட்ட மின்வேலி இருக்கும், அதன் துடிப்பு அது. வேலியை விட்டு விலகிப் போய்ப் பார்க்காமல் சர்வீஸுக்கு அனுப்பாதீர்கள்.

அப்புறம் இந்த ஒரு ரூபாய் விவகாரம். புது மெஷின் வாங்கியவர் முதல் வேலையாக ஒரு ரூபாய் நாணயத்தைத் தரையில் போட்டு, இரும்பை ஒதுக்கி நாணயத்தைத் தேடும் காயின் மோடில் வைத்து ஆட்டிப் பார்ப்பார். சத்தம் வராது, அல்லது எந்த உலோகம் என்று காட்டும் திரை எண் இங்கும் அங்கும் தாவும். "காயினையே காட்டலையே" என்று அன்றைக்கே மெஷின் மேல் நம்பிக்கை போய்விடும். இப்போது புழக்கத்தில் இருக்கும் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் காந்தத்தில் ஒட்டுகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மெஷினுக்கு அது இரும்பு. இரும்பை ஒதுக்கு என்று நீங்களே சொல்லிவிட்டு, ஒதுக்கிவிட்டதே என்று வருத்தப்பட்டால் எப்படி? மெஷின் மேல் அச்சடித்திருக்கும் படங்களும் எண்களும் பெரும்பாலும் அமெரிக்க நாணயங்களுக்கானவை, நமக்கு அதில் வேலையில்லை. ஒரு நோட்டு எடுத்து உங்கள் பட்டியலை நீங்களே போடுங்கள்: பித்தளை நிற ஐந்து ரூபாய்க்கு என்ன எண், பழைய அலுமினிய பத்து பைசாவுக்கு என்ன, செம்புக் காலணாவுக்கு என்ன, வெள்ளி மெட்டிக்கு, மெல்லிய தங்க மோதிரத்துக்கு, பாக்குப் பொட்டலத்தின் ஃபாயிலுக்கு என்ன. எழுதி முடித்ததும் ஒன்று கண்ணில் படும், மெல்லிய மோதிரமும் ஃபாயிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழும். குப்பை வேண்டாம் என்று அந்த எண்ணை அடைத்துவிட்டால் தேயிலைச் செடிக்கடியில் தொலைந்த மோதிரம் கடைசிவரை அகப்படாது. இந்த நோட்டு கையில் இருந்தால் பாதி பேருக்கு அடுத்த மெஷினே தேவைப்படாது என்பது என் எண்ணம்.

சரி, எல்லாம் பார்த்துவிட்டு மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், டீக்கடை மேஜையில் வைத்து ஐந்து ரூபாயைக் காயிலுக்கு முன்னால் ஆட்டிக் காட்டுவதை மட்டும் நம்பி பணம் கொடுக்காதீர்கள். காற்றில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் வேலை செய்யும். மண்ணில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கையால் காயிலின் ஓரத்தை லேசாகத் தட்டுங்கள், தட்டும்போதெல்லாம் பொய்ச் சத்தம் வந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். கேபிள் காயிலுக்குள் நுழையும் இடத்தையும் கண்ட்ரோல் பாக்ஸில் சொருகும் இடத்தையும் மெதுவாக அசைத்துக்கொண்டே கேளுங்கள். காயிலைத் தண்டோடு இணைக்கும் காது இரண்டையும் விரலால் தடவிப் பாருங்கள், நட்டை இறுக்கி இறுக்கி அங்கேதான் முதலில் பிளக்கும். பேட்டரி பெட்டியைத் திறந்தால் ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கிறதா என்று தெரியும். விற்பவரை அனுப்பிவிட்டு மெஷினை வீட்டில் வைத்துப் பார்ப்பதைவிட, இத்தனையையும் அவர் எதிரிலேயே பார்ப்பதுதான் இரண்டு பேருக்கும் நல்லது. பிறகு மனஸ்தாபம் வராது.

போலிகளும் நிறைய. மைன்லேப், காரெட் இரண்டு கம்பெனிக்குமே அச்சு அசலாகப் போலி வருகிறது, குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் சின்னக் கைக்கருவியான பின்பாயிண்டரைக்கூட விட்டு வைக்கவில்லை. சீரியல் நம்பரை வாங்கி, கம்பெனிக்கே எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். நம்பரைக் கொடுக்கத் தயங்கும் ஆளிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். ஆன்டெனா கம்பி இரண்டை நீட்டிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தங்கத்தைக் காட்டும் என்று லட்சக்கணக்கில் விற்கிறார்களே, அது டிடெக்டரே இல்லை, மோசடி. நல்ல விலையுள்ள சாதாரண மெஷினே ஒரு நாணயத்தை ஒரு சாண் ஆழத்தில் காட்டினால் பெரிய விஷயம், நம்ம செம்மண்ணில் அதுவும் குறையும். இரிடியம், அரிசி இழுக்கும் கலசம் என்று மோசடிப் பேச்சை ஆரம்பிப்பவர்களோடு மெஷின் வியாபாரமே வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆழத்தில் தேடும் ஆசையில், காந்தப்புலத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் மெஷின் வாங்குகிறவர்களும் உண்டு. அது இந்த மண்ணைப் பொருட்படுத்தாது என்பது உண்மை, ஆனால் இரும்பையும் மற்றதையும் பிரித்துச் சொல்வதில் மிகவும் பலவீனம். பழைய எஸ்டேட் லைன் வீட்டுப் பக்கம் கொண்டு போனால் கூரை ஆணி, உடைந்த கவாத்துக் கத்தி, தகரத் துண்டு எல்லாவற்றுக்கும் தோண்ட வேண்டியதுதான். கூடலூர் பக்கத்தில் தங்கம் தேடலாம் என்று இதை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. தேவாலா, பந்தலூரில் 1880 வாக்கில் லண்டன் பணம் கொட்டி வெட்டிய சுரங்கங்களில் இருந்தது குவார்ட்ஸ் பாறைக்குள் பொடியாகக் கிடக்கும் தங்கம். பொடியை டிடெக்டர் காட்டாது. கைவிடப்பட்ட அந்தக் குழிகளில் இறங்கி மண் சரிந்து செத்தவர்கள் இருக்கிறார்கள், அனுமதியில்லாமல் கனிமம் எடுப்பது குற்றமும்கூட. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கல்திட்டைகள். தாண்டிக்குடி, பெருமாள்மலை பக்கமும் நீலகிரியின் மலை உச்சிகளிலும் பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் இன்னும் திறந்தவெளியில் கிடக்கின்றன. நீலகிரியில் 1870களில் பிரீக்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி திறந்து எடுத்த பொருட்கள் சென்னை அருங்காட்சியகம்வரை போய்விட்டன. மிச்சம் இருப்பது மண்ணோடு மண்ணாக இருக்கும்வரைதான் அதற்கு வரலாறு, எந்த அடுக்கில் எதன் பக்கத்தில் கிடந்தது என்று பதிவு செய்யாமல் பிடுங்கிய வெண்கலக் கிண்ணம் வெறும் உலோகம். புது மெஷினைச் சோதிக்க இங்கே போகிறவர்களைப் பார்த்தால் நேரடியாகவே சொல்லுங்கள், வேண்டாம் என்று. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் உரிமமில்லாமல் தோண்ட 1958 சட்டம் விடாது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை உரிமமில்லாமல் வியாபாரம் செய்ய 1972 சட்டம் விடாது, ஆகவே மெஷினோடு சேர்த்து "கண்டெடுத்த" பழம்பொருளையும் எக்ஸ்சேஞ்சில் தள்ளுவது வம்பு. மண்ணுக்குள் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878 புதையல் சட்டம், அது இன்னும் அமலில் இருக்கிறது. காப்புக்காடு, சரணாலயத்துக்குள் மெஷினோடு நுழையும் யோசனையே வேண்டாம். சொந்த நிலம், எழுத்தில் அனுமதி வாங்கிய எஸ்டேட், தொலைந்த நகையைத் தேடித் தரக் கூப்பிட்டவர் வீட்டுத் தோட்டம், கேரட் அறுவடை முடிந்த படிவயல், இவையே போதும். தோண்டிய குழியைப் புல்லோடு மூடிவிட்டு வந்தால் அடுத்த தடவையும் கூப்பிடுவார்கள்.

மெஷினோடு இலவசமாக வரும் ஹெட்போனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காதை முழுக்க மூடும் ரகம் மலைக்கு ஆகாது. தேயிலைக்குள் குனிந்து சிக்னலைத் துரத்திக்கொண்டிருக்கும்போது பின்னால் காட்டெருமை வந்து நிற்பது கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் சாதாரணம், கரடியும் வரும். ஒரு காதைத் திறந்து வையுங்கள், பொழுது சாயும் முன் கிளம்பிவிடுங்கள், கூட ஒரு ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

தென்மேற்குப் பருவமழை மாதங்களில்தான் கூடலூர், பந்தலூர் பக்கத்து மெஷின்கள் அதிகம் பாழாகின்றன, அதுவும் வெளியே கொண்டு போய் இல்லை, அலமாரிக்குள்ளேயே. காயில் தண்ணீர் தாங்கும் என்றால் கண்ட்ரோல் பாக்ஸும் தாங்கும் என்று அர்த்தமில்லை. மூடுபனியில் நனைந்த மெஷினை அப்படியே உறையில் போட்டுக் கட்டிவிடாதீர்கள், துடைத்து ஒரு ராத்திரி திறந்தே வையுங்கள், காயில் மூடியைக் கழற்றி உள்ளே சேர்ந்த சேற்றைக் கழுவுங்கள். ஏஏ பேட்டரி போடும் மெஷின் என்றால் எல்லா செல்லையும் வெளியே எடுத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரியைச் சுத்தமாகத் தீரவிட்டு மாதக்கணக்கில் வைக்காமல் பாதி சார்ஜில் வையுங்கள். உறைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அது ஈரம் குடித்ததும் அடுப்புப் பக்கம் வைத்துக் காயவைத்து மறுபடி போடலாம்.