பழைய கியர் ஷேப்பரில் முதல் பல் வெட்டுவது எப்படி?

பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் நான் வேலை பழகிய பட்டறையில் ஒரு பழைய கியர் ஷேப்பர், அதாவது பல்சக்கரத்துக்குப் பல் வெட்டும் மெஷின், உண்டு. சேர்ந்த முதல் வாரம் ஆசான் என்னை ஸ்விட்ச் பக்கமே விடவில்லை. எல்லாமே கையால் சுற்றித்தான். இப்போது நான் பழக்கும் பையன்களுக்கும் அதே கதிதான்.

மெஷினின் சூட்சுமம் எளிது. 1890களில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் எட்வின் ஃபெல்லோஸ் உருவாக்கிய முறை இது. கட்டரே ஒரு பல்சக்கரம். மேலும் கீழும் போய்வந்து வெட்டிக்கொண்டே, பிளாங்க்கோடு (இன்னும் பல் வெட்டாத வட்டத் துண்டு) பல் கோத்துச் சுற்றுவதுபோல மெல்லச் சுற்றும்.

ஓர் அரிசி மில்லுக்கு 2.5 மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்), 32 பல், 25 எம்.எம். அகலம், 20 டிகிரி அழுத்தக் கோணம் உள்ள கியர் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். பிளாங்க் வெளிவிட்டம் 32 + 2 = 34, அதை 2.5-ஆல் பெருக்கினால் 85 எம்.எம். ஆழம் 2.25 × 2.5 = 5.625 எம்.எம்.

முதலில் துடையுங்கள். ஆடி மாதம் கணவாய்க் காற்று அடிக்கும்போது எங்கள் ஊரில் தூசி எங்கேயும் புகும். பிளாங்க்கை மாட்டும் தண்டான ஆர்பரின் முகத்தில் ஒரு பிசிறு இருந்தால் போதும், பல் கோணலாகும். பிளாங்க்கை மாட்டி டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள், ஆட்டம் 0.02 எம்.எம்.முக்குள் நிற்க வேண்டும். அடியில் வைக்கும் பிளேட் 73 எம்.எம்.முக்குக் குறைவாக இருக்கட்டும். பெரிதாக இருந்தால் கட்டர் அதில் போய் மோதும்.

அடுத்து ஸ்ட்ரோக், அதாவது கட்டர் மேலிருந்து கீழே போகும் தூரம். மேலே 2, கீழே 3 எம்.எம். கூடுதலாக விட்டு 30 வையுங்கள். நிமிஷத்துக்கு 250 ஸ்ட்ரோக் என்றால் சராசரி வேகம் 15 மீட்டர், இ.என்.8 இரும்புக்கு, பழைய மெஷினுக்கு, அது போதும்.

இனி சேஞ்ச் கியர், அதாவது கட்டரும் ஜாப்பும் (நாம் வெட்டும் பிளாங்க்) சுற்றும் விகிதத்தை வைக்க மாற்றி மாட்டும் கியர்கள். கட்டரில் 40 பல், ஜாப்பில் 32. கட்டர் ஒரு சுற்று சுற்றினால் ஜாப் ஒன்றேகால் சுற்று சுற்ற வேண்டும். மாட்டியதும் கட்டரை லேசாகத் தொடவைத்து ஜாப் ஒரு சுற்று சுற்றும் வரை கீறல் மட்டும் போடுங்கள். கீறல்களை எண்ணுங்கள். நான் ஒருமுறை கியரை இடம் மாற்றி மாட்டிவிட்டேன். எண்ணிப் பார்த்தால் 50! ஆசான் ஒன்றும் சொல்லவில்லை, சாக்பீஸை மட்டும் என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து எண்ணத் தொடங்கும் கீறலில் ஒரு சாக்பீஸ் புள்ளி வைக்காமல் நான் எண்ணுவதில்லை.

32 வந்ததா? சரி, ஆயிலை விட்டு வெட்டுங்கள். முதல் சுற்றில் 5.3 வரை இறங்கி, மீதியைக் கடைசிச் சுற்றுக்கு வையுங்கள். முழு ஆழத்துக்கும் ஒரேயடியாக இறங்கிவிடாமல், 4 பல்லைப் பிடித்து மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். பேக்லாஷ் (கோத்த பற்களுக்கு நடுவில் விடும் இடைவெளி) சேர்க்காமல் 26.95 எம்.எம். வர வேண்டும். 0.1 கூட இருந்தால் இன்னும் சுமார் 0.15 இறக்குங்கள்.

இனி வம்புகள். பல்லின் முகத்தில் தேய்ந்த பளபளப்புக் கோடு, கட்டர் சீக்கிரம் மழுங்குவது, இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் ரிலீவிங்கைச் சந்தேகியுங்கள். அதாவது, கட்டர் மேலே ஏறும்போது உரசாமல் இருக்க ஜாப் கொஞ்சம் விலகி நிற்க வேண்டும். சில மெஷின்களில் கட்டர் விலகும். வெட்டிய பல்லுக்கும் கட்டருக்கும் நடுவில் மெல்லிய காகிதத்தைச் செருகி, கையால் ஒரு ஸ்ட்ரோக் சுற்றுங்கள். ஏறும்போது காகிதம் தளர வேண்டும். தளரவில்லையென்றால் ரிலீவிங் கேமையும் அதன் ஸ்பிரிங்கையும் கழற்றிப் பாருங்கள். ஸ்பிரிங் சோர்ந்திருப்பதும் ரோலர் தேய்ந்திருப்பதும்தான் நான் அதிகம் பார்த்தது.

கடைசிப் பல் மட்டும் படிபோல ஒட்டாமல் நின்றால் கட்டர் உட்கார்ந்திருக்கும் இடத்தையும், டேபிளைச் சுற்றும் திருகுக் கியரான வார்மின் ஆட்டத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் பல் தடித்து, எதிர்ப்பக்கம் மெலிந்தால் அது மெஷின் குற்றமே இல்லை, பிளாங்க் ஆடுகிறது. பல் முகத்தில் அலைஅலையாக வந்தால் பெல்ட்டை இறுக்கி, கட்டரைத் தீட்டி, ஸ்லைடில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிசிறை விரலால் தள்ளாதீர்கள், பிரஷ் இருக்கிறது. அதுவும் மெஷின் நின்ற பிறகு.