ஹிரோஷிமா அமைதிப் பூங்காவுக்கு போறீங்களா, இந்த வழியா நடந்து பாருங்க

ஜப்பான் டூர் போற நம்மாளுங்க நிறைய பேரு ஹிரோஷிமால அணுகுண்டுல சிதைஞ்சு நிக்கிற டோம் கட்டடம் முன்னாடி ஒரு போட்டோ எடுத்துட்டு உடனே அடுத்த ஊருக்கு கிளம்பிடுறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, அரை நாளாவது ஒதுக்குங்க. அங்க ஒவ்வொன்னையும் ஒரு காரணத்தோடதான் வச்சிருக்காங்க, அது தெரியாம நடந்தா வெறும் பார்க் மாதிரிதான் தெரியும்.

ஸ்டேஷன்ல டிராம் ஏறி டோம் ஸ்டாப்ல இறங்குங்க. அந்த கட்டடம் 1915ல செக் நாட்டு ஆர்க்கிடெக்ட் யான் லெட்ஸெல் டிசைன் பண்ண கண்காட்சி ஹால். 1945 ஆகஸ்ட் 6 காலைல 8:15க்கு குண்டு வெடிச்சது தரையில இல்ல, சுமார் 600 மீட்டர் உயரத்துல, டோமுக்கு ரொம்ப பக்கத்துல. அழுத்தம் கிட்டத்தட்ட நேர் மேல இருந்து இறங்கினதாலதான் சுவர் கொஞ்சம் நின்னுச்சு. பார்த்தாலே வலிக்குது, இடிச்சிடுங்கன்னு சொன்னவங்களும் ஊர்ல இருந்தாங்க, 1966ல நகர சபை காப்பாத்துறதுன்னு முடிவு பண்ணுச்சு.

அடுத்து அயோய் பாலம் வழியா உள்ள போங்க. ஆங்கில டி எழுத்து மாதிரி இருக்கிற அந்த பாலத்தைத்தான் வானத்துல இருந்து குறி வச்சாங்க. பாலம் இறங்கினதும் பச்சைப்பசேல்னு இருக்கிற அந்த இடம் முன்னாடி கடைகளும் வீடுகளும் நெருக்கமா இருந்த நகாஜிமா. நீங்க நடக்கிறது ஒரு தெரு மேல, அத மனசுல வச்சுக்கோங்க.

வடக்கு பக்கம் புல்லு மூடின ஒரு மேடு இருக்கும், பலரும் கவனிக்காம தாண்டிடுவாங்க. அடையாளம் தெரியாத, வாங்கிட்டு போக சொந்தம்னு யாரும் வராத சுமார் 70,000 பேரோட அஸ்தி அதுக்குள்ள இருக்கு. அங்க ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்க, போட்டோ வேண்டாம். பக்கத்துல இருக்கிற அமைதி மணியை நீங்களே அடிக்கலாம், அதுல செதுக்கியிருக்கிற உலக வரைபடத்துல எல்லைக்கோடே கிடையாது.

குழந்தைகள் நினைவுச்சின்னம் சடாகோ சசாகியால வந்தது. குண்டு விழுந்தப்போ ரெண்டு வயசு, 1955ல ரத்தப் புற்றுநோயில இறக்கும்போது 12. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே காகிதக் கொக்கு மடிச்ச பொண்ணு. கூடப் படிச்ச பசங்க ஆரம்பிச்ச முயற்சியில 1958ல இது எழுந்துச்சு. போறதுக்கு முன்னாடி வீட்டுல பிள்ளைங்களோட உட்கார்ந்து நாலு கொக்கு மடிச்சு எடுத்துட்டு போங்க, வைக்கிறதுக்கு அங்கேயே இடம் இருக்கு.

இப்போ முக்கியமான இடம். வளைவு மாதிரி இருக்கிற நினைவுக்கல்லுக்கு மியூசியம் இருக்கிற பக்கமா போய் நில்லுங்க, லேசா குனிஞ்சு உள்ள பாருங்க, அணையா தீபமும் டோமும் ஒரே கோட்டுல தெரியும். ஆர்க்கிடெக்ட் கென்ஸோ டாங்கே அப்படித்தான் டிசைன் பண்ணாரு. அந்த வளைவு பழங்காலத்துல மண்ணுல செஞ்ச வீடு பொம்மையோட கூரை வடிவம், செத்தவங்க ஆத்மா மழையில நனையக்கூடாதுன்னு. கீழ கல்பெட்டிக்குள்ள பேர் பட்டியல், இப்போ மூணு லட்சத்துக்கும் மேல, வருஷா வருஷம் ஆகஸ்ட் 6ல புதுப் பேர் சேருது. தீபம் 1964ல ஏத்தினது, உலகத்துல கடைசி அணு ஆயுதம் ஒழியிற வரைக்கும் எரியும்.

பெட்டி மேல எழுதியிருக்கிறது, நிம்மதியா தூங்குங்க, இந்தத் தப்பை திரும்ப செய்ய மாட்டோம்ங்கிற மாதிரி. ஜப்பானிய வாக்கியத்துல தப்பு பண்ணது யாருன்னு இல்ல. 1952ல அங்க வந்த நம்ம நாட்டு நீதிபதி ராதாபினோத் பால், குண்டு போட்டது ஜப்பான்காரங்க இல்லையே, அப்புறம் எதுக்கு இப்படின்னு கேட்டு பெரிய விவாதமாச்சு. மனுஷ குலம் முழுக்க சேர்ந்து சொல்ற வார்த்தைன்னுதான் நகரம் விளக்கம் குடுக்குது. தமிழ்ல யோசிச்சா சட்டுனு புரியும், "செய்ய மாட்டோம்"னா அது நாங்களா நாமளா? இது நாம.

மியூசியத்தை கடைசியா வைங்க. மூணு வயசுப் பையனோட துருப்பிடிச்ச மூணு சக்கர சைக்கிள் ஒன்னு இருக்கு, அப்பா பையனோட சேர்த்தே புதைச்சு, 40 வருஷம் கழிச்சு தோண்டி எடுத்துக் குடுத்தது. பார்த்துட்டு வெளிய வந்ததும் உடனே எங்கேயும் கிளம்ப மனசு வராது, அதுக்கும் நேரம் வச்சுக்கோங்க.

இன்னொன்னு, நினைவுக்கல் முன்னாடி எங்கயாவது தண்ணி பாட்டில் இருந்தா யாரோ விட்டுட்டு போனதுன்னு எடுத்துடாதீங்க. வெந்து போன ஜனங்க தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டேதான் செத்தாங்க, அவங்களுக்காக வச்சது அது.