கணினிச் சங்கத்தில் சேர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் பக்கம் பொறியியல் படிப்பவர்கள் பலர் கம்ப்யூட்டர் சொசைட்டி ஆஃப் இந்தியாவில் மாணவர் உறுப்பினராகச் சேர்கிறார்கள். ஆசிரியர் சொன்னார், பணம் கட்டியாச்சு, பயோடேட்டாவில் ஒரு வரி ஏறியாச்சு. அத்தோடு சரி, அப்புறம் ஒரு கூட்டத்துக்கும் போவதில்லை. முதல் தவறே இதுதான்.

இந்தச் சங்கம் 1965-இல் தொடங்கியது. மும்பையில் டிஃப்ராக் கணினியை உருவாக்கிய குழுவை நடத்திய ஆர். நரசிம்மன்தான் முதல் தலைவர். கணினி வேலை தெரிந்தவர்கள் ஒன்றுகூடி, தெரிந்ததைப் பகிர்ந்துகொள்ளும் இடம் அது. வேலை வாங்கித் தரும் ஏஜென்சி இல்லை. ஐடி நிறுவனங்களின் சங்கமான நாஸ்காமோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே உறுப்பினர்கள் நிறுவனங்கள், இங்கே தனிமனிதர்களும் சேரலாம். வக்கீலுக்கு பார் கவுன்சில் போல உரிமம் கொடுப்பதும் இதன் வேலை இல்லை.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது வேறொரு தவறு. 'இதெல்லாம் சரவணம்பட்டி ஐடி கம்பெனிக்காரங்களுக்கு' என்று திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சாஃப்ட்வேர் பார்ப்பவர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் சிக்கல் லேசானதா? டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) போட்டு சாயப்பட்டறைக்கு அனுப்பிய துணி, திரும்பி வரும்போது எடை குறைந்திருக்கும். அதில் சாயமேற்றும்போது இயல்பாகக் குறைவது எவ்வளவு, உண்மையிலேயே காணாமல் போனது எவ்வளவு? ஒரே லாட் பாதி இன்றும் மீதி நாலு நாள் கழித்தும் வந்தால், எந்த டிசியில் கழிப்பது? நடுவில் ஒரு ரோலை மறுசாயத்துக்குத் திருப்பி அனுப்பினால் கணக்கை எப்படித் தொடர்வது? இதையெல்லாம் நிரலில் கட்டி ஓட்டுகிறவர், கோயம்புத்தூர் கிளைக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினால் போதும், மாணவர்களுக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காத டேட்டாபேஸ் பாடம் அது. கம்பெனிப் பெயரையும் பையர் பெயரையும் சொல்லாமலே பேசலாம். ஆங்கிலம் வராதே என்று தயங்கவும் வேண்டாம், கேட்கிறவர்கள் நம்ம ஊர்ப் பிள்ளைகள்தான்.

படிப்பு முடிந்ததும் மாணவர் உறுப்பினர் தகுதியும் முடிந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சேரும்போது கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால், அந்த முகவரி மூடப்பட்டதும் புதுப்பிக்கச் சொல்லும் கடிதமே வந்து சேராது. சொந்த முகவரியைக் கொடுங்கள். கட்டணத்தை யாருடைய சொந்த ஜிபே எண்ணுக்கும் அனுப்பாமல் சங்கத்தின் கணக்கிலேயே கட்டி, ரசீதையும் உறுப்பினர் எண்ணையும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.